கல்லீரலில் ஊசி போட்டால் புற்று பரவுமா?

“ஊசி போட்டுச் சதை எடுத்தா நோய் பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர், உண்மையா?”

பயாப்சி என்ற சொல் காதில் விழுந்ததும் நம் ஊர் மருத்துவமனைகளில் தவறாமல் வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருக்க மாட்டார். ஊரிலிருந்து துணைக்கு வந்த சித்தப்பாவோ மருமகனோ தயங்கித் தயங்கிக் கேட்பார். “அதெல்லாம் வீண் பயம்” என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். மார்பகக் கட்டிக்கோ கழுத்தில் வரும் நெறிக்கட்டிக்கோ அந்த ஒரு வரி பெரிய தவறில்லை. கல்லீரலுக்கு அது போதாது. கல்லீரல் கட்டியில் ஊசி போன தடத்திலேயே புற்று முளைத்திருக்கிறது. எத்தனை பேருக்கு என்று எண்ணியும் வைத்திருக்கிறார்கள். கல்லீரல் மருத்துவர்கள் பல நேரங்களில் பயாப்சியே இல்லாமல் “இது புற்றுதான்” என்று முடிவு சொல்வதற்கு அந்த எண்ணிக்கையும் ஒரு காரணம்.

ஆகவே சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். கல்லீரல் பயாப்சி என்றாலே புற்றுநோய்க்கானது என்று பலர் நினைக்கிறார்கள். கல்லீரலில் முதன்முதலாக ஊசி செலுத்தித் திசு எடுத்தவர் ஜெர்மானியரான பால் எர்லிஹ் என்பார்கள். 1883-இல் அவர் தேடியது நீரிழிவு நோயாளியின் கல்லீரலில் எவ்வளவு கிளைக்கோஜன் (கல்லீரல் சேமித்து வைக்கும் சர்க்கரை) இருக்கிறது என்பதை. 1958-இல் இத்தாலியரான மெங்கினி, ஊசி கல்லீரலுக்குள் இருக்கும் நேரத்தை ஒரு நொடியளவுக்குக் குறைத்த பிறகுதான் இந்தப் பரிசோதனை உலகெங்கும் சாதாரணமானது. அன்றைக்கு ஊசி போட்டதெல்லாம் பெரும்பாலும் காமாலைக்கும் கல்லீரல் சுருக்கத்துக்கும் (சிரோசிஸ்)தான். இன்றும் கொழுப்புக் கல்லீரல், நாள்பட்ட ஹெபடைடிஸ், விளங்காத காமாலை ஆகியவற்றுக்காக ஒருவருக்கு பயாப்சி எழுதித் தந்தால், அங்கே புற்றுக் கட்டி இல்லை. பரவுவதற்கும் ஒன்றுமில்லை. கீழே சொல்லப்போகும் எதுவும் அவருக்குப் பொருந்தாது.

பொருந்துவது கட்டிக்குள் ஊசி போகும்போது மட்டும்.

அதை எப்படிச் செய்கிறார்கள்? வலப்பக்கம் விலா எலும்புகளின் இடுக்கிலோ விலாவுக்குக் கீழேயோ மரப்பு ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் அல்லது சி.டி.யில் கட்டியைப் பார்த்துக்கொண்டே ஊசியை உள்ளே செலுத்துவார்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். விசை வைத்த ஊசி கட்டிக்குள் பாய்ந்து, நூல் போன்ற திசுத் துண்டைத் தன் குழிவில் வெட்டி அடைத்துக்கொண்டு வெளியே வரும். வழக்கமாகப் பயன்படும் 18 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் 1.2 மில்லிமீட்டர்தான்.

சிக்கல் இருப்பது அந்த ஊசி வெளியே வரும் வழியில். கட்டிக்குள் போய் வந்த ஊசியின் மேல்பரப்பில் செல்கள் ஒட்டியிருக்கும். வரும் வழியில் கல்லீரலின் உறை, வயிற்றறையின் சவ்வு, விலாத் தசை, தோலடிக் கொழுப்பு என்று ஒவ்வொன்றையும் உரசிக்கொண்டுதான் வர வேண்டும். ஊசி போட்ட துளையிலிருந்து கசியும் ரத்தத்தோடும் சில செல்கள் மிதந்து வரலாம். இப்படி வழியில் உதிர்ந்த செல் எங்காவது ஒட்டி, பிழைத்து, பெருகினால் மாதங்கள் கழித்து அந்தத் தடத்தில் ஒரு முடிச்சு தலைகாட்டும். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரின் பொருளே ‘ஊசித்தட விதைப்பு’ என்பதுதான்.

உதிர்ந்த விதை எல்லாம் முளைப்பதில்லை. இதைக் காட்டும் அருமையான சான்று கல்லீரலிலிருந்து வரவில்லை, மார்பகத்திலிருந்து வந்தது. 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஊசி பயாப்சி முடிந்து பிறகு அறுவை செய்துகொண்ட 352 மார்பகப் புற்றுக் கட்டிகளைச் சோதித்தார்கள். ஊசி போன பாதையில் இடம் மாறிய புற்றுச் செல்கள் 32% பேரிடம் கிடைத்தன. படித்ததும் பகீரென்று இருக்கும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருந்தது. பயாப்சி முடிந்து 15 நாளுக்குள் அறுவை செய்தவர்களில் 42% பேரிடம் அந்தச் செல்கள் இருந்தன. 28 நாளுக்கு மேல் காத்திருந்தவர்களில் 15% பேரிடம்தான் இருந்தன. நாள் ஆக ஆகச் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. அதாவது அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. சொந்த மண்ணிலிருந்து பிய்த்து எறியப்பட்ட செல்லுக்கு ரத்த ஓட்டம் கிடைக்க வேண்டும், உடலின் எதிர்ப்பைத் தாண்ட வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை.

கல்லீரலில் எத்தனை முறை நடந்திருக்கிறது?

கல்லீரல் செல்லிலேயே தொடங்கும் புற்றுநோயை, ஹெபடோசெல்லுலர் கார்சினோமாவை, எடுத்துக்கொள்வோம். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளைப் பல ஆண்டுகள் சுமந்தவர்களுக்கும் அதிகம் வருவது இதுதான். 2008-இல் 8 ஆய்வுகளைத் திரட்டி, இந்தப் புற்றுக்காக ஊசி போடப்பட்ட 1,340 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஊசித் தடத்தில் புற்று முளைத்தவர்கள் 2.7%. ஆண்டுக் கணக்கில் சொன்னால் 0.9%. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பில் இது 2.29% என்று இருந்தது. சராசரியாக 100 பேரில் 2 அல்லது 3 பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விதைப்பு தெரிய வருவதற்குச் சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை ஆகும். நோய் முற்றிய நிலையில் பயாப்சி செய்துகொண்டவர் அதற்கு முன்பே இறந்துவிடலாம். அவருடைய ஊசித் தடத்தில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. கணக்கில் அவர் ‘விதைப்பு இல்லாதவர்’ பட்டியலில் உட்கார்ந்திருப்பார். ஆக, நோய் தீரும் வாய்ப்பு உள்ளவருக்கு, நீண்ட நாள் வாழப்போகிறவருக்கு, இந்த ஆபத்து சராசரியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். முற்றிய நோயாளிக்கோ அது நடைமுறையில் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சிறியது. ஒரே ஊசி, ஒரே கட்டி. ஆளைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. 2.7% என்ற எண்ணை மட்டும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்.

இதன் மறுபக்கமும் உண்டு. அந்த ஆய்வுகள் பழையவை. வெவ்வேறு ஊசிகள், வெவ்வேறு முறைகள். இன்று பல இடங்களில் வெளிக்குழல் ஒன்றை முதலில் கட்டியின் விளிம்பு வரை செலுத்தி நிறுத்திவிட்டு, அதற்குள்ளேயே வெட்டும் ஊசியை விட்டு எடுக்கிறார்கள். ஐந்து துண்டு எடுத்தாலும் தோலிலிருந்து கல்லீரல் வரை துளை ஒன்றுதான். கட்டியைத் தொட்ட ஊசி வழியிலுள்ள தசையை உரசுவதுமில்லை. 2006-இல் அமெரிக்காவில் இந்த முறையை மட்டும் வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில் ஒருவருக்குக்கூட விதைப்பு தென்படவில்லை.

ஊசி எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். கட்டி கல்லீரலின் மேல் ஓரத்தில், உறையை ஒட்டி இருந்தால் நேராக அதில் குத்துவது சுலபம். ஆனால் அப்படிக் குத்தினால் கட்டியிலிருந்து கசிவது நேராக வயிற்றறைக்குள் போகும். ஆகவே கொஞ்சம் சுற்றி, நல்ல கல்லீரல் திசு வழியாகப் புகுந்து கட்டியை அடைவார்கள். ஊசியை எடுத்ததும் அந்த நல்ல திசு துளையைப் பிடித்து மூடிக்கொள்ளும்.

ஊசிப் பாதையும் கட்டியின் குணமும் சேர்ந்தால் எவ்வளவு மோசமாகலாம் என்பதை 2001-இல் பார்சிலோனாக் குழு ஒன்று சொன்னது. அது பயாப்சி பற்றிய செய்தி அல்ல. கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி ரேடியோ அலைச் சூட்டால் கட்டியைப் பொசுக்கும் சிகிச்சை பற்றியது. 32 நோயாளிகளில் 4 பேருக்கு, அதாவது 12.5% பேருக்கு, ஊசித் தடத்தில் புற்று வந்தது. கட்டி உறையை ஒட்டி இருந்தவர்கள், கட்டியின் செல்கள் முரட்டுத்தனமாக மாறியிருந்தவர்கள், ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (கல்லீரல் செல் புற்றில் பலருக்கு ஏறும் ஒரு புரதம்) அளவு அதிகமாக இருந்தவர்கள்தான் அதில் சிக்கினார்கள். இப்போது அந்தச் சிகிச்சையில் ஊசியை வெளியே எடுக்கும்போதே சூட்டை நிறுத்தாமல், வந்த வழியையும் பொசுக்கிக்கொண்டே எடுப்பது வழக்கமாகிவிட்டது.

முளைத்துவிட்டால் என்ன செய்வார்கள்? தோலடியிலோ விலாத் தசையிலோ ஒரே முடிச்சாக இருந்தால், சுற்றியுள்ள சதையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். பலருக்கு அதோடு அந்த இடத்துப் பிரச்சினை முடிந்துவிடுகிறது. வயிற்றறைச் சவ்வில் விழுந்தால்தான் சங்கடம். அங்கே ஒன்று தெரிந்தால் தெரியாதவை எத்தனை என்று சொல்ல முடியாது.

ஊசி இல்லாமலே எப்படித் தெரியும்?

பெரும்பாலான புற்றுகளுக்குக் கிடைக்காத ஒரு சலுகை கல்லீரல் புற்றுக்குக் கிடைத்திருக்கிறது. திசுவை நுண்ணோக்கியில் பார்க்காமல், ஸ்கேன் படத்தை மட்டும் வைத்தே புற்று என்று முடிவு செய்து, மாற்றுக் கல்லீரல் வைப்பதுவரை போகலாம். இதைக் கேட்டால் நோயாளியின் வீட்டார் இன்னொரு பக்கம் கோபப்படுவார்கள். “பயாப்சியே பண்ணாம எப்படி கேன்சர்னு சொல்றீங்க?” ஊசி போட்டாலும் பயம், போடாவிட்டாலும் சந்தேகம். பாவம், இரண்டுமே நியாயம்தான்.

இந்தச் சலுகையின் ரகசியம் கல்லீரலின் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. மற்ற பெரும்பாலான உறுப்புகளுக்கு ரத்தம் தமனி வழியாகத்தான் வரும். கல்லீரலுக்கு இரண்டு வாசல். குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகச் சுமார் முக்கால் பங்கு ரத்தம் வருகிறது. கல்லீரல் தமனி வழியாக வருவது மீதி கால் பங்கு. நல்ல கல்லீரல் திசு பெரும்பாலும் சிரை ரத்தத்தில் வாழ்கிறது. ஆனால் புற்றாக மாறும் முடிச்சு தனக்கென்று புதுத் தமனிகளை இழுத்துக்கொண்டு, சிரை ரத்தத்தைக் கைவிட்டுவிடுகிறது.

இப்போது கையில் சாய மருந்தை ஏற்றி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தால் என்ன தெரியும்? முதல் அரை நிமிடத்தில் மருந்து தமனியில் இருக்கும். புற்று முடிச்சு மட்டும் பளிச்சென்று ஒளிரும், சுற்றியுள்ள கல்லீரல் மங்கலாக இருக்கும். அடுத்த சில நிமிடங்களில் மருந்து சிரை வழியாக வந்து கல்லீரல் முழுவதையும் நிரப்பும். அப்போது முடிச்சு தன் மருந்தை இழந்து, ஒளிரும் கல்லீரலுக்கு நடுவே கறுத்துத் தெரியும். முதலில் ஒளிர்ந்து, பிறகு கறுத்துப்போகும் இந்தச் சுவடு கல்லீரல் சுருக்கம் உள்ளவரிடம் தெரிந்தால், அது ஏறக்குறையக் கையெழுத்து மாதிரி.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2000-இல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய நிபுணர்கள், 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட முடிச்சு இரண்டு வகை ஸ்கேனில் பொருந்தி வந்தால், அல்லது ஒரு ஸ்கேனோடு ஏ.எஃப்.பி. 400-ஐத் தாண்டினால் பயாப்சி வேண்டாம் என்றார்கள். 2005-இல் அமெரிக்கக் கல்லீரல் சங்கம், முடிச்சு 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒரு ஸ்கேனே போதும் என்றது. 2010-இல் அந்த அளவு 1 சென்டிமீட்டராக இறங்கியது. 2011-இல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி லை-ராட்ஸ் என்ற தர வரிசையைக் கொண்டுவந்தது. உங்கள் ஸ்கேன் அறிக்கையின் கடைசியில் ‘எல்.ஆர்.-5’ என்று எழுதியிருந்தால் அதுதான் இது. 5 என்று தரம் கொடுத்த முடிச்சுகளில் 100-க்கு ஏறக்குறைய 95 இந்தப் புற்றாகவே இருக்கின்றன. நம் நாட்டிலும் கல்லீரல் ஆய்வுக்கான தேசியச் சங்கத்தினர் ஒடிசாவின் பூரியில் கூடி எழுதி, 2014-இல் வெளியிட்ட பரிந்துரைகள் இதே திசையில்தான் போகின்றன.

இந்தச் சலுகைக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. கல்லீரல் சுருக்கமோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ இருப்பவருக்குத்தான் இது செல்லும். வேறு எந்தக் கோளாறும் இல்லாத ஒருவரின் கல்லீரலில் அதே மாதிரி ஒளிர்ந்து கறுக்கும் முடிச்சு தெரிந்தால், அதற்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம். அங்கே ஊசி தேவைப்படும்.

சிறிய முடிச்சுகளில் பயாப்சியின் பதிலும் முழு நம்பிக்கைக்கு உரியது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2008-இல் பார்சிலோனாவில் 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட முடிச்சுகளில் ஊசி போட்டுப் பார்த்தபோது, உண்மையில் புற்றாக இருந்தவற்றில் ஏறக்குறைய 30% முதல் பயாப்சியில் தப்பிவிட்டன. ஊசி ஒரு சுண்டைக்காய் அளவு முடிச்சின் பக்கத்தில் போயிருக்கலாம், அல்லது எடுத்த துண்டு தீர்ப்புச் சொல்லப் போதாமல் இருந்திருக்கலாம். ‘பயாப்சியில் ஒன்றுமில்லை’ என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஸ்கேனுக்கு வராமல் இருந்துவிடுபவர்களுக்கு இந்தப் பொய் நிம்மதி ஊசித்தட விதைப்பைவிடப் பெரிய ஆபத்து.

கேன்சர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து

கல்லீரலில் கட்டி என்றால் எல்லாம் ஒரே நோய் இல்லை. ஊசி விஷயத்தில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது கல்லீரல் செல் புற்றுக்குக்கூட இல்லை. கல்லீரலின் வாசலில், இரண்டு பித்தநாளங்கள் சேரும் இடத்தில் வரும் பித்தநாளப் புற்றுக்கு. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் இந்தப் புற்றுக்குக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து, பிறகு மாற்றுக் கல்லீரல் வைக்கும் திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்த 191 பேரின் கணக்கை 2011-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 16 பேருக்கு, அங்கே வரும் முன்போ பிறகோ, வயிற்றறையைக் கடந்து ஊசி போட்டுச் செல் எடுத்திருந்தார்கள். அதில் 6 பேருக்குப் புற்று என்று பதில் வந்திருந்தது. அந்த 6 பேரின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது 5 பேருக்கு வயிற்றறைச் சவ்வில் நோய் பரவியிருந்தது. ஊசி போடாத 175 பேரில் அப்படிப் பரவியிருந்தவர்கள் 14 பேர், 8%.

6 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அந்த மையத்தில், இந்தப் புற்றுக்கு வயிற்றறை வழியாக ஊசி போட்டவர்களை மாற்றுக் கல்லீரல் திட்டத்தில் சேர்ப்பதில்லை என்று விதியே வைத்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள்: நோயை உறுதிப்படுத்த நல்லெண்ணத்தோடு எங்கோ போட்ட ஓர் ஊசி, நோயைத் தீர்க்கும் ஒரே வாசலை மூடிவிடுகிறது. இந்த இடத்துப் புற்றுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தநாளத்துக்குள்ளேயே சுரண்டிச் செல் எடுக்கும் வழி இருக்கிறது. அதில் வயிற்றறையைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது பெருங்குடலில் தொடங்கிக் கல்லீரலுக்கு வந்த புற்று. இதை வெட்டி எடுத்தால் பலர் பல ஆண்டுகள் நலமாக வாழ்கிறார்கள் என்பதால் இங்கேயும் விதைப்பு பெரிய விஷயம். 2005-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வில், கல்லீரல் அறுவைக்கு வந்த 598 பேரில் 90 பேருக்கு முன்பே பயாப்சி நடந்திருந்தது. அந்த 90 பேரில் 17 பேருக்கு, அதாவது 19% பேருக்கு, ஊசி போன வழியில் புற்று பரவியிருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள், பயாப்சி செய்யாதவர்களில் 46.7%, செய்தவர்களில் 32.5%. இந்த வித்தியாசம் முழுக்க ஊசியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், குடலில் புற்று இருந்தது தெரிந்தவர், ரத்தத்தில் சி.இ.ஏ. (குடல் புற்றில் பலருக்கு ஏறும் ஒரு புரதம்) அளவு ஏறியிருக்கிறது, ஸ்கேனில் வழக்கமான தோற்றம், வெட்டி எடுக்கக்கூடிய இடம்: இவ்வளவும் இருக்கும்போது ஊசி போட்டு என்ன புதிதாகத் தெரிந்துகொள்ளப் போகிறோம்? வெட்டி எடுத்த பிறகு முழுக் கட்டியையுமே நுண்ணோக்கியில் பார்க்கத்தானே போகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு, அதுதான் அதிகம். கல்லீரல் முழுக்கப் பல கட்டிகள், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கணையமா, நுரையீரலா, மார்பகமா? நிணநீர்ப் புற்றான லிம்போமாவாக இருந்தால் மருந்திலேயே குணமாக வாய்ப்புண்டு. ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்றால் நோயின் வேகமும் சிகிச்சையும் வேறு. நம் நாட்டில் காசநோயும் கல்லீரலில் கட்டி போலவே வந்து உட்காரும். ஸ்கேனைப் பார்த்தவர் புற்று என்றே நினைத்திருப்பார். காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை போதுமாக இருக்கும்போது, ஊசிக்குப் பயந்து ஒருவர் வீட்டோடு இருந்துவிட்டால் அதைவிடக் கொடுமை இல்லை. உள்கல்லீரல் பித்தநாளப் புற்று முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு, கட்டியின் மரபணு மாற்றத்தைப் பார்த்துக் கொடுக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன. எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 மாற்றத்துக்கான பெமிகாடினிப்புக்கு 2020-இலும், ஐ.டி.எச்.1 மாற்றத்துக்கான ஐவோசிடெனிப்புக்கு 2021-இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எந்த மாற்றம் என்று பார்க்கப் பெரும்பாலும் திசு வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு ஊசி போடாமல் இருப்பதுதான் தீங்கு.

இத்தனை பேசிவிட்டு ஒன்றை விட்டுவிடக் கூடாது. கல்லீரல் பயாப்சியில் உடனடி ஆபத்து ரத்தக் கசிவுதான், விதைப்பு அல்ல. மாயோ கிளினிக் தன் 21 ஆண்டு அனுபவத்தில் 9,212 பயாப்சிகளைத் திரட்டி 1990-இல் வெளியிட்ட கணக்கில், புற்று உள்ளவர்களில் 0.4% பேர் கசிவால் இறந்தார்கள். புற்று இல்லாதவர்களில் அது 0.04%தான். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போடும் பழக்கம் பரவலாகும் முன்னர் இருந்த கணக்கு அது. இருந்தாலும் ஊசி போடும் முன் ரத்தம் உறையும் நேரத்தையும் தட்டணுக்களையும் பார்ப்பதும், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நிறுத்தச் சொல்வதும், ஊசிக்குப் பிறகு பல மணி நேரம் படுக்க வைத்துக் கண்காணிப்பதும் இதற்காகத்தான். பரவுமா என்று கேட்கும் சித்தப்பா ரத்தம் கசியுமா என்று கேட்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பிளட் தின்னர் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

சரி, ‘கத்தி வைத்தால் பரவும், காற்றுப் பட்டால் பரவும்’ என்று ஊரில் சொல்வது எங்கிருந்து வந்தது? காற்றுக்கும் புற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. என் ஊகம் இது: ஸ்கேன் இல்லாத காலத்தில் வலி தாங்காமல்தான் மருத்துவமனைக்குப் போவார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஏற்கெனவே எங்கும் பரவியிருக்கும். ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து அனுப்புவார்கள். இரண்டு மாதத்தில் மரணம். வீட்டாரின் கண்ணுக்கு, கத்தி பட்ட பிறகுதானே இப்படி ஆயிற்று? ஊசிக்கும் அதே பழி வந்து சேர்ந்தது. கல்லீரல் விஷயத்தில் அந்தப் பழியில் ஒரு பொட்டு உண்மை இருந்துவிட்டது, அவ்வளவுதான். அது கல்லீரலுக்கு மட்டும் உரியதும் இல்லை. குழந்தைகளின் விழித்திரைப் புற்றில் கண்ணுக்குள் ஊசி போடுவதைத் தவிர்க்கிறார்கள். விரைக் கட்டியில் விரைப்பை வழியாக ஊசி போடுவதில்லை. எலும்பு, தசைப் புற்றுகளில் ஊசி போடும் இடத்தையே அறுவை நிபுணர் முன்கூட்டித் தீர்மானித்து, பிறகு அந்தத் தடத்தையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுப்பார்.

ஊசியால் ரத்தத்தில் செல்கள் கலந்து நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விடுமா என்பது இன்னொரு கவலை. ஊசித் தடத்தில் முளைப்பதற்குச் சான்று இருப்பதைப் போல இதற்குச் சான்று இல்லை. கல்லீரல் செல் புற்றுக்காக மாற்றுக் கல்லீரல் வைத்தவர்களில், முன்பு பயாப்சி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை, உயிர்வாழும் காலத்தில் வித்தியாசம் காணவில்லை. மாற்று உறுப்பு வைத்தவர்கள் உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுக்க சாப்பிடுகிறார்கள் என்பதால் உதிர்ந்த செல் ஒன்றுக்கு அங்கே வசதி அதிகம். அப்படி இருந்தும் இதுதான் நிலை.

அப்புறம், மருத்துவரிடம் என்ன கேட்பது? ‘பரவுமா’ என்று கேட்டால் ‘பரவாது’ என்றுதான் பதில் வரும். “இந்தப் பயாப்சியின் பதில் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?” என்று கேட்டுப் பாருங்கள். மாறும் என்றால், எப்படி மாறும் என்று அவர் விளக்குவார்; அந்த ஊசிக்கு அர்த்தம் இருக்கிறது. மாறாது என்றால் ஊசியே எதற்கு? அடுத்து, “இந்தக் கட்டியை வெட்டி எடுக்கவோ மாற்றுக் கல்லீரல் வைக்கவோ வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால், அந்த அறுவை நிபுணர் ஸ்கேனைப் பார்த்துவிட்டாரா?” என்று கேட்கலாம். அவர் பார்க்கும் முன் ஊசி போடாமல் இருப்பது நல்லது. பெரிய மருத்துவமனைகளில் கல்லீரல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், அறுவை நிபுணர், கேன்சர் மருத்துவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படங்களைப் பார்க்கும் கூட்டம் வாரம்தோறும் நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் படம் போயிற்றா என்று கேட்பதில் தவறில்லை. சின்ன ஊரில் ஸ்கேன் எடுத்த அன்றே, அவசர அவசரமாக, “கையோடு ஊசியும் போட்டுடலாம்” என்றால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வதால் பொதுவாக எதுவும் கெட்டுவிடாது.

பயாப்சி முடிந்தவர்களுக்கு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. ஊசி போட்ட இடம் எது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம், எத்தனையாவது விலா இடுக்கில் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொன்னாலும் நல்லது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, குளிக்கும்போது அந்த இடத்தில் பட்டாணி அளவு முடிச்சு ஒன்று கையில் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதைக் காட்டப் போகும்போது, “இந்த இடத்தில்தான் கல்லீரல் பயாப்சி செய்தார்கள்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி தெரியாவிட்டால், ஸ்கேன் பார்ப்பவரும் அதைக் கொழுப்புக் கட்டி என்றே எழுதிவிடுவார்.